2 வோல்ட் வைத்தால் 4 வோல்ட் வந்தது: என் அனுபவம்

காரைக்குடியில் எங்கள் ஆய்வகத்து ஃபங்ஷன் ஜெனரேட்டரில் (சோதனைக்கான மின் அலைகளைத் தரும் கருவி) 2 வோல்ட் பீக்-டு-பீக் (அலையின் உச்சிக்கும் அடிக்கும் இடையிலான அளவு) வைத்தால், அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் 4 வோல்ட் தெரிந்தது. முதலில் ஸ்கோப்பின் அளவிடும் முனையான ப்ரோப்பைப் பார்த்தேன். சிக்னலை அப்படியே தரும் 1எக்ஸ், பத்தில் ஒன்றாக்கும் 10எக்ஸ் அமைப்புகளில் குளறுபடி இல்லை. காரணம் வேறு. ஜெனரேட்டரின் வெளியீட்டு மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கான தடை) 50 ஓம். எதிரேயும் 50 ஓம் லோடு (இணைக்கப்படும் சுற்று) இருப்பதாகக் கொண்டே அதன் திரை அளவைக் காட்டுகிறது. ஸ்கோப் உள்ளீடோ 1 மெகா ஓம். உள்ளே பாதி வோல்ட்டேஜ் விழாததால் இரட்டிப்பாகிறது.

அவுட்புட் மெனுவில் லோடை ‘ஹை இசட்’ (உயர் மின்மறுப்பு) ஆக்கினேன். இதில் கவனம் தேவை: மாற்றியதும் திரையின் எண்தான் 4 ஆகும், வெளிவரும் சிக்னல் மாறாது. 2 என்று மீண்டும் பதிய வேண்டும்.

குமிழ் மட்டும் உள்ள பழைய கருவியில் லோடை இணைத்த பிறகே திருகுங்கள். மில்லிவோல்ட் அளவுக்கு சிக்னலைக் குறைக்கும் 20 டெசிபெல் பொத்தானை அழுத்துங்கள், பத்தில் ஒன்றாகும். மல்டிமீட்டர் 0.707 காட்டினால் பதற வேண்டாம். 2 வோல்ட் பீக்-டு-பீக் சைன் அலையின் ஆர்எம்எஸ் (பயனுறு மதிப்பு) அதுதான்.