நீரிலும் நிலத்திலும் ஓடும் ஏடிவி வண்டிக்குச் சொந்தமாக டிராக் கட்டும் முறை

ஆறு அல்லது எட்டு டயர்களும் படகைப் போல நீர் புகாத உடலும் கொண்ட சிறிய ஏடிவி (எல்லா வகை நிலத்திலும் ஓடும்) வண்டிகள் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. ஒண்டாரியோ மாகாணத்தின் நியூ ஹாம்பர்க்கில் 1967 முதல் தயாராகும் ஆர்கோ இவற்றில் பலரும் அறிந்த பெயர். வெறும் டயரிலேயே ஏரியைக் கடந்து, காட்டுப் பாதையில் ஏறி, சேற்றில் நீந்தக்கூடிய வண்டிகள்தாம் இவை. ஆயினும் வட ஒண்டாரியோவில் ‘மஸ்கெக்’ என்று சொல்லப்படும் பாசிச் சதுப்பு, இளகிய ஆழ்பனி, ஈரக் களிமண் கரை ஆகிய மூன்றிலும் டயர் தடுமாறத் தொடங்கும். அப்போது உதவுவது டிராக்: ஒரு பக்கத்து டயர்கள் எல்லாவற்றையும் சுற்றி மாட்டும், குறுக்குக் கட்டைகள் பொருத்திய பெல்ட் வளையம். நிறுவனங்களும் அதை விற்கின்றன. ஆனால் பழைய வண்டிக்கோ, வழக்கத்துக்கு மாறான டயர் அளவுக்கோ, ஒரு குறிப்பிட்ட நிலத்துக்கோ பொருந்துவது வேண்டுமென்றால் சொந்தமாகக் கட்டுவதே வழி.

டிராக் செய்யும் வேலையின் அடிப்படையை ஒரு சிறு கணக்கு விளக்கிவிடும். குறைந்த காற்றழுத்த டயர் நிலத்தின்மீது செலுத்தும் அழுத்தம், ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை ஒட்டியே, சற்றுக் கூடுதலாக இருக்கும். 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு) காற்றுள்ள டயர் 3 பிஎஸ்ஐக்குக் கீழே அழுத்துவது அரிது. இப்போது ஆட்களோடும் சாமான்களோடும் 800 கிலோ எடையுள்ள எட்டுச் சக்கர வண்டிக்கு 45 செ.மீ. அகலமான டிராக் மாட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் 180 செ.மீ. நீளம் தரையைத் தொடுகிறது என்று வையுங்கள். மொத்தப் பரப்பு 16,200 சதுர செ.மீ.; அழுத்தம் சராசரியாக 0.7 பிஎஸ்ஐ. பெல்ட் வளையக்கூடியது என்பதால் டயருக்கு நேர்கீழே அழுத்தம் இதைவிடக் கூடுதலாகவும், இரண்டு டயர்களுக்கு இடையே குறைவாகவும் இருக்கும். இருந்தும், நடந்து செல்லும் மனிதனின் கால் புதையும் இடத்தில் இந்த வண்டி புதையாமல் போகும்.

முதலில் டயரும் ஆக்சிலும்

பலர் குறுக்குக் கட்டையின் வடிவத்தில்தான் முதலில் கவனம் வைக்கிறார்கள். என் கருத்தில் அது கடைசியில் தீர்மானிக்க வேண்டியது. இந்த வண்டிகளில் டிராக்கை இழுப்பதும் தாங்குவதும் விறைப்பாக வைத்திருப்பதும் டயர்தான். டாங்க் வண்டியில் இருப்பது போன்ற பல்சக்கரமோ, விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகோ இங்கே கிடையாது. ஆகவே டயரின் நிலையே டிராக்கின் நிலை.

ஒரு பக்கத்து டயர்கள் எல்லாம் சங்கிலியால் பிணைக்கப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்பவை. அவற்றின் சுற்றளவில் வேறுபாடு இருந்தால், பெரிய டயர் டிராக்கை முன்னே தள்ள, சிறிய டயர் பின்னே இழுக்கும். சக்தி வீணாவதோடு டயரும் பெல்ட்டும் தேயும், சங்கிலி தேவையற்ற சுமையைத் தாங்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஒவ்வொரு டயரின் நடுச் சுற்றளவையும் டேப்பால் அளந்து, காற்றைக் கூட்டியும் குறைத்தும் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். காற்றால் சரிசெய்ய முடியாத அளவுக்குத் தேய்ந்த டயரை மாற்றிவிடுவதே நல்லது. சில வண்டிகளில் நடு ஆக்சில் முனை ஆக்சில்களைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். வண்டி எளிதாகத் திரும்புவதற்கான ஏற்பாடு அது. டிராக் மாட்டிய பிறகும் அந்தப் பயன் நீடிக்கும் என்பதால் அதை நிமிர்த்த முயல வேண்டாம்.

அடுத்து உடலுக்கும் டயருக்கும் இடையிலான இடைவெளி. டிராக் பக்கவாட்டில் கழலாமல் தடுக்க டயரின் இருபுறமும் எழுந்து நிற்கும் கைடுகளில் உட்பக்கத்தவை உடலோடு உரசாமல் போக, குறைந்தது 2 முதல் 3 செ.மீ. வெற்றிடம் வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இந்த இடம் இருக்காது. ஆக்சிலுக்கு ஸ்பேசர் என்ற இடைத்துண்டு போட்டு டயரை வெளியே தள்ள வேண்டும். டயர் வெளியே போகப் போக நெம்புதல் கூடி, உடலின் ஓரத்தில் உள்ள பேரிங்கும், நீர் புகாமல் தடுக்கும் சீலும் கூடுதல் சுமையை ஏற்கும். எனவே ஸ்பேசரோடு வெளிப்புறத் துணைப் பேரிங்கும் பொருத்துவது தவிர்க்கக் கூடாத செலவு. அங்கே சீல் கெட்டால் நிலத்தில் கிரீஸ் கசிவோடு நிற்கும். ஏரியின் நடுவில் அதே இடம் தண்ணீர் உள்ளே வரும் வழியாகிவிடும்.

ஸ்பேசரால் ஒரு நன்மையும் உண்டு. ஒரு பக்கத்தைத் தடுத்து மறுபக்கத்தை ஓட்டித் திரும்பும் எந்த வண்டிக்கும், தரையைத் தொடும் டிராக் நீளத்தை இரண்டு டிராக்குகளின் நடுக்கோடுகளுக்கு இடையிலான தூரத்தால் வகுத்துவரும் விகிதம் முக்கியமானது. அது 1.5ஐ ஒட்டியிருந்தால் நல்லது, 1.8ஐத் தாண்டினால் வண்டி திரும்ப அடம்பிடிக்கும். 180 செ.மீ. நீளத்துக்கு நடுக்கோடுகளின் தூரம் 105 செ.மீ. என்றால் விகிதம் 1.7க்கு மேல். இரு பக்கமும் 5 செ.மீ. வெளியே தள்ளினால் அது 1.57 ஆகிறது. ஆறு சக்கர வண்டிகளுக்கு நீளம் குறைவு என்பதால் இந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

அளவெடுத்தல்

டிராக்கின் நீளத்தைக் கணக்கிட, முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையிலான தூரத்தை இரட்டித்து, ஒரு டயரின் சுற்றளவைக் கூட்ட வேண்டும். தூரம் 150 செ.மீ., டயரின் விட்டம் 56 செ.மீ. என்றால் 300உம் 176உம் சேர்ந்து 476 செ.மீ. பெல்ட்டுக்கும் தடிமன் இருப்பதால், 8 மி.மீ. பெல்ட்டுக்கு ஏறத்தாழ இரண்டரை செ.மீ. கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்கைச் செய்த பிறகும், ஓட்டும்போது வைக்கும் காற்றழுத்தத்தில் ஒரு கயிற்றை டயர்களைச் சுற்றி இழுத்து அளந்து சரிபாருங்கள். இரண்டும் முரண்பட்டால் கயிற்றையே நம்பலாம்.

கட்டைகளுக்கு இடையிலான தூரம் 7 முதல் 8 செ.மீ. வரை இருப்பது பொருத்தம். மேலே சொன்ன 478.5 செ.மீ. நீளத்தை 64 கட்டைகளாகப் பிரித்தால் ஒவ்வோர் இடைவெளியும் 7.48 செ.மீ. வரும். எண்ணிக்கை முழு எண்ணாக வரும்படி இடைவெளியைத்தான் மாற்ற வேண்டும். நீளத்தை மாற்றக் கூடாது. ஒவ்வொரு துளையையும் முந்தைய துளையிலிருந்து அளந்து குறித்தால், ஒன்றுக்கு 1 மி.மீ. பிழை என்றாலும் 64 கட்டைகளின் முடிவில் 6 செ.மீ.க்கு மேல் வழுவியிருக்கும். எனவே பெல்ட்டின் ஒரே முனையிலிருந்து எல்லாத் துளைகளையும் அளந்து குறியுங்கள்.

பெல்ட், கட்டை, கைடு

ஒவ்வொரு டிராக்குக்கும் 10 செ.மீ. அகலமுள்ள இரண்டு பெல்ட்டுகள், நடுவில் 5 செ.மீ. இடைவெளி விட்டு, டயரின் அடியில் இணையாக ஓடுவது எளிய அமைப்பு. நடுவில் விட்ட திறப்பு வழியே சேறும் பனியும் வெளியேறும். முழு அகலப் பெல்ட்டில் அவை டயருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே சேர்ந்து டிராக்கை அளவுக்கு மீறி விறைக்கச் செய்யும். பழைய கன்வேயர் பெல்ட் இதற்கு ஏற்றது. பெல்ட்டின் மீது ‘இபி 400/3’ என்று அச்சிட்டிருந்தால், அது மூன்று அடுக்குப் பாலியஸ்டர்-நைலான் துணி கொண்டது, ஒரு மி.மீ. அகலத்துக்கு 400 நியூட்டன் இழுவிசையில்தான் அறும் என்று பொருள். இந்த வேலைக்கு இரண்டோ மூன்றோ அடுக்குகள் போதும். நான்கு அடுக்குப் பெல்ட் 56 செ.மீ. டயரைச் சுற்றி வளைவதற்கே சக்தியைத் தின்னும். இரண்டு பெல்ட்டுகளும் ஒரே சுருளிலிருந்து வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஒன்று புதியது, மற்றொன்று பழையது என்றால் அவை வெவ்வேறு அளவில் நீண்டு, டிராக் எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே ஓடும். துளைகளை டிரில்லால் போடாமல் தோல் வேலைக்குப் பயன்படும் ‘பஞ்ச்’ என்ற துளைக் கருவியால் தட்டி எடுங்கள். டிரில் துணி இழைகளைப் பிய்த்துவிடும், அதன் வழியே ஈரம் புகும்.

பழைய ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் சிறு வண்டி) டிராக்கை வெட்டி இணைப்பதும் வழக்கில் உண்டு. பனியில் மட்டும் ஓடுவதற்கு அது மலிவான தீர்வு. பாறையும் மரக்கட்டையும் கிடக்கும் நிலத்தில் இணைப்பு தாங்குமென்று நான் நம்பமாட்டேன்.

கட்டைக்கு என் தேர்வு யூஎச்எம்டபிள்யூ பாலித்தீன் என்ற உறுதியான பிளாஸ்டிக். கடுங்குளிரிலும் இது நொறுங்காது, பனிக்கட்டி எளிதில் ஒட்டாது, இதன் அடர்த்தி நீரைவிடக் குறைவு. 45 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. உயரமுள்ள ஒரு கட்டை ஏறத்தாழ 530 கிராம். 64 கட்டைகள் 34 கிலோ. 25 மி.மீ. சதுர இரும்புக் குழாயில் அதே எண்ணிக்கை 40 கிலோவைத் தாண்டும், தண்ணீரில் அது மூழ்கும் எடை. ஆனால் பாலித்தீன் இரும்பைப் போல விறைப்பானதன்று. டயருக்கு வெளியே 10 செ.மீ.க்கு மேல் நீட்டினால் முனைகள் வளைந்து கொடுக்கும், பரப்பு கூடியும் பயன் இராது. அதைவிட அகலமான டிராக் வேண்டுமென்றால் அலுமினியத்துக்குப் போக வேண்டும். கூரிய பாறை மிகுந்த நிலத்தில் பாலித்தீனில் வெட்டுக் காயங்கள் விழும். அலுமினியமும் அங்கே தேயும், இரும்பு மட்டும் நிலைக்கும்.

வெப்பநிலைக்கேற்ப இந்தப் பாலித்தீன் கணிசமாகச் சுருங்கி விரியும். கோடையில் 25 டிகிரியில் துளையிட்ட கட்டை, மைனஸ் 25 டிகிரியில் 30 செ.மீ. தூரத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. சுருங்கியிருக்கும். ஆகவே 8 மி.மீ. போல்ட்டுக்குக் கட்டையில் 10 மி.மீ. துளை இட்டு, அகலமான வாஷர் போடுங்கள்.

கட்டையின் உயரம் நிலத்தைப் பொறுத்தது. மஸ்கெக்கில் வண்டியைத் தாங்குவது அடியிலுள்ள சேறு அன்று, மேலே பின்னிக் கிடக்கும் வேர்ப் போர்வையே. உயரமான கட்டை அதைக் கிழித்துவிடும்; கிழிந்த இடத்தில் எந்த டிராக்கும் புதையும். அங்கே 2.5 செ.மீ. போதும். களிமண் கரையில் ஏறவும் ஆழ்பனியில் ஓடவும் 4 செ.மீ. வரை போகலாம். இரண்டும் கலந்த நிலத்தில் குறைந்த உயரத்தையே வைத்து, ஆறு கட்டைகளுக்கு ஒன்றை மட்டும் உயரமாக்குவது ஒரு நல்ல நடுவழி.

கைடுகள் 5 முதல் 6 செ.மீ. உயரத்தில், மேல்விளிம்பு டயரை விட்டு வெளிப்பக்கம் சற்றே சாய்ந்து இருக்க வேண்டும். டயரின் அகலத்தைச் சுவரில் அச்சிட்ட எண்ணிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்றடைத்து, சுமையேற்றி, தரையில் நிற்கும் டயரின் வயிற்றுப் பகுதியை அளந்து, இருபுறமும் 1 செ.மீ. விட்டுக் கைடுகளை வையுங்கள். எடையைக் குறைக்க ஒன்று விட்டு ஒரு கட்டையில் கைடு வைப்போர் உண்டு. பனிச் சமவெளிக்கு அது சரி, மரக்குற்றிகள் நிறைந்த காட்டில் டிராக் கழல்வதற்கு அதுவே காரணமாகும். பெல்ட்டைக் கட்டையோடு பிணைக்க, தட்டையான அகலத் தலையுள்ள எலிவேட்டர் போல்ட்டும், எளிதில் தளராத நைலாக் நட்டும் பயன்படுத்துங்கள். தலை டயரைப் பார்த்தபடி பெல்ட்டில் அமிழ்ந்திருக்க வேண்டும். சாதாரண அறுகோணத் தலை டயரைத் தின்றுவிடும்.

இரண்டு முனைகளையும் இணைக்க, மூன்று கட்டைகளின் நீளத்துக்குப் பெல்ட்டின் முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அந்தக் கட்டைகளின் போல்ட்டுகளாலேயே இறுக்கலாம். புதிய பெல்ட் நாளடைவில் நீளும். காற்றைக் கூட்டியும் தொய்வு போகாதபோது, ஒரு கட்டையை எடுத்துவிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த முனையை ஓர் இடைவெளி நகர்த்த இந்த இணைப்பு இடம் கொடுக்கும்.

மாட்டுதலும் ஓட்டுதலும்

டிராக்கைத் தரையில் விரித்து வண்டியை அதன்மேல் ஓட்டி நிறுத்துங்கள். டயர்களின் காற்றை 1 பிஎஸ்ஐ வரை இறக்கி, முனைகளை மேலே கொண்டுவந்து ராட்செட் வாரால் இழுத்து இணைத்த பின், எல்லா டயர்களுக்கும் சிறிது சிறிதாக மாறி மாறிக் காற்றடையுங்கள். டயரின் சுவரில் குறிப்பிட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு டயர்களுக்கு நடுவே மேல்சுற்றைக் கையால் அழுத்தினால் இரண்டு செ.மீ. அளவுக்குத் தாழ்ந்தால் போதும். வீணையின் நரம்பு போல விறைத்து நின்றால் பேரிங்கின் ஆயுள் குறையும்.

முதல் ஓட்டம் சமதரையில், லோ கியரில், நேர்கோட்டில் இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குப் பின் எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்கி, சங்கிலிகளின் தொய்வையும் பாருங்கள். டிராக்கோடு திரும்பும்போது சங்கிலியும் பிரேக்கும் டிரைவ் பெல்ட்டும் ஏற்கும் சுமை டயரில் ஓடும்போது இருப்பதைவிட மிக அதிகம். நின்ற இடத்திலேயே வட்டமடிப்பதைத் தவிர்த்து, முன்னோக்கி நகர்ந்தபடி சிறுசிறு திருப்பங்களாகத் திருப்புங்கள். பக்கச் சரிவில் திருப்புவதுதான் டிராக் கழல மிக வாய்ப்பான தருணம். சரிவைக் கடந்து முடித்த பின் திருப்பலாம்.

தண்ணீரில் இறங்குமுன் டிராக்குகள், ஸ்பேசர்கள், பேரிங்குகள் ஆகியவற்றின் எடையை வண்டியின் நீர்ச்சுமை வரம்பிலிருந்து கழித்துவிடுங்கள். கட்டை மிதக்கும் பொருளாயினும் நீர்மட்டத்துக்கு மேலே ஓடும் பகுதி முழு எடையாகவே வண்டியின்மேல் நிற்கும். கீழ்ச்சுற்று நீரைப் பின்னே தள்ளும்போது மேல்சுற்று எதிர்த்திசையில் ஓடுகிறது. வண்டி அதிகம் அமிழ்ந்து மேல்சுற்றும் நீருக்குள் போனால் உந்துதல் பெருமளவு அழிந்துவிடும். ஆழமற்ற கரையோரத்தில் முழுச் சுமையோடு மிதக்கவிட்டு, விளிம்புக்கும் நீருக்கும் உள்ள உயரத்தைப் பார்த்து, உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் ஓடுகிறதா என்று உறுதிசெய்த பிறகே ஆழத்துக்குப் போகலாம்.

குளிர்காலத்தில் ஓட்டி முடித்ததும் டிராக்கில் ஒட்டிய சேற்றையும் ஈரப்பனியையும் தட்டிவிடுங்கள். இரவில் அது உறைந்தால் காலையில் முதல் அசைவிலேயே கைடோ சங்கிலியோ முறியும். நிறுத்தும்போது டிராக்கின் கீழே இரண்டு பலகைகள் வைத்தால் தரையோடு ஒட்டிக்கொள்ளாது. வண்டியில் நான்கைந்து உதிரிக் கட்டைகள், அவற்றுக்கான போல்ட்டுகள், அரை மீட்டர் பெல்ட் துண்டு, கடப்பாரை, ராட்செட் வார், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஆகியவை எப்போதும் இருக்க வேண்டும். டிராக் பாதி கழன்றால், அந்தப் பக்கத்து டயர்களின் காற்றை இறக்கி, கழன்றபோது சென்ற திசைக்கு எதிர்த்திசையில் சிறிது சிறிதாக ஓட்டி, ஒவ்வொரு முறையும் நிறுத்திக் கடப்பாரையால் நெம்பினால் பெரும்பாலும் இணைப்பைப் பிரிக்காமலேயே கைடு டயரின் மேலேறி உள்ளே விழும். நெம்புபவர் டிராக்குக்கு எட்டாத தூரத்தில் விலகிய பிறகே ஓட்டுநர் வண்டியை அசைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாமல், ஓட்டம், நிறுத்தம், நெம்புதல் என்று மாறி மாறிச் செய்யுங்கள்.