எஸ்எஃப்-86 ஃபார்ம நிரப்புறப்போ எத சொல்லணும், எப்படி சொல்லணும்

அமெரிக்கால ஃபெடரல் வேலையோ டிஃபென்ஸ் கான்ட்ராக்டர் வேலையோ கெடச்சு, கிளியரன்ஸ் (அரசாங்க ரகசியங்கள பாக்க தர்ற பாதுகாப்பு அனுமதி) வேணும்னுட்டாங்கன்னா எஸ்எஃப்-86 நிரப்பணும், நூறு பக்கத்துக்கு மேல போற ஃபார்ம், இப்போ ஆன்லைன்லயே இ-ஆப்ங்கிற அரசாங்க சைட்ல பண்ணிடலாம். காலேஜ்ல கஞ்சா அடிச்சத சொன்னா வேல போயிடும்னு பயந்து "நோ" போடுறவங்கதான் உண்மையிலயே மாட்டுறாங்க. கிளியரன்ஸ் குடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ற, 2017 ஜூன்ல அமலுக்கு வந்த சீட்-4 விதிகள்ல மொத்தம் 13 தலைப்பு, அதுல "இ" தலைப்பு பர்சனல் காண்டக்ட் (அதாவது நம்ம நடத்தை), வேணும்னே மறைக்கிறது நேரா அதுலதான் வரும். பழைய கஞ்சாவ காலம் ஆயிடுச்சு, நிறுத்திட்டாருன்னு விட வாய்ப்பிருக்கு, ஆனா பொய் இன்னைக்கி சொன்னதாச்சே, அதுக்கு என்ன சமாதானம் சொல்லுவீங்க? தெரிஞ்சே பொய் எழுதுனா அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில்னு சட்டமே இருக்கு.

உக்காருறதுக்கு முன்னாடி கிரெடிட் ரிப்போர்ட், கோர்ட் பேப்பர், பழைய பாஸ்போர்ட் எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கோங்க. 10 வருஷ அட்ரஸும் வேலையும் கேப் இல்லாம கேப்பாங்க, ஞாபகத்துல இருந்து எழுதுனா கண்டிப்பா தப்பு வரும்.

கேள்விய முழுசா படிங்க. போதைப்பொருள் கேள்வி பெரும்பாலும் கடைசி 7 வருஷம், ஆனா கிளியரன்ஸ் வச்சிருந்தப்ப பண்ணீங்களான்னு கேட்டா அதுக்கு 7 வருஷ கணக்கு இல்ல, எப்ப பண்ணிருந்தாலும் சொல்லணும். உங்க ஸ்டேட்ல கஞ்சா லீகலா இருந்தாலும் ஃபெடரல் சட்டத்துல இல்ல, அதனால எழுதணும். அதுக்குன்னு கேக்காததயெல்லாம் கொட்ட வேணாம். எழுதுறப்போ "சும்மா ட்ரை பண்ணேன்"னு மழுப்பாதீங்க, "2021 மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் நாலஞ்சு தடவ, ரூம்மேட்கூட, அதுக்கப்புறம் இல்ல, இனியும் தொட மாட்டேன்"னு தேதியோட எழுதுங்க (உண்மையா இருந்தா மட்டும்). வேலய விட்டு தூக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு நாமளே ரிசைன் பண்ணதையும் தனியா கேக்குறாங்க, உங்க பின்னணிய விசாரிக்கிற இன்வெஸ்டிகேட்டர் அந்த பழைய மேனேஜர்கிட்டயே போய் பேசலாம்.

நம்மாளுங்க சிட்டிசன் ஆனப்புறம் அப்ளை பண்றப்போ கோட்ட விடுறது ஊர் விஷயத்துல. அப்பா அம்மா, மாமனார் மாமியார், கூடப்பொறந்தவங்க எல்லாரையும் போடணும், அண்ணன் தாலுகா ஆபீஸ்ல வேல பாக்குறார்னா அதையும் சொல்லணும், ஏன்னா ஃபார்ம் பார்வைல அதுவும் வெளிநாட்டு கவர்மெண்டுதான். தாத்தா நெலத்துக்கு கூட்டுப் பட்டால உங்க பேர் இருந்தாலோ, அப்பாவோட ஜாயிண்ட்டா என்ஆர்ஓ அக்கவுண்ட் (வெளிநாட்டுல இருக்குறவங்க இந்தியால வச்சுக்குற பேங்க் அக்கவுண்ட்) இருந்தாலோ அதுவும் போகணும். இதெல்லாம் வச்சிருக்கிறது குத்தம் இல்ல, பட்டா நம்ம பேர்லயும் இருக்குதுன்னே பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது, அதனால வீட்டுக்கு ஒரு போன் போட்டு கேட்டுட்டு நிரப்புங்க.

சப்மிட் பண்ணப்புறம் எதாச்சும் விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா இண்டர்வியூல கேக்கட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே உங்க கிளியரன்ஸ் வேலைய பாத்துக்குற செக்யூரிட்டி ஆபீசருக்கு மெயில் போட்டு திருத்துங்க. அவங்களா ஆதாரத்த காட்டி கேக்குறதுக்கு முன்னாடி தானா திருத்தினா சாதகமா எடுத்துக்கலாம்னு அதே "இ" தலைப்புலயே இருக்கு, கேட்டப்புறம் சொன்னா அந்த சலுக கெடைக்கிறது கஷ்டம். அனுப்புன ஃபார்ம ஒரு காப்பி சேவ் பண்ணி வைங்க, அடுத்த தடவ நிரப்புறப்போ பழசோட ஒப்பிட்டு பாப்பாங்க.