'சிட்டி லைட்ஸ்' படத்தைக் காதாலும் பார்ப்பது எப்படி?

சார்லி சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' 1931 ஜனவரி 30 அன்று லாஸ் ஏஞ்சலஸில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 1927-இல் 'தி ஜாஸ் சிங்கர்' வந்த பிறகு ஹாலிவுட் வேகவேகமாகப் பேசும்படங்களுக்கு மாறிவிட்டிருந்தது. (தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' வெளிவந்ததும் அதே 1931-இல்தான்.) சாப்ளின் மட்டும் தன் பாத்திரங்களைப் பேசவிடவில்லை. அதற்காக இதை மௌனப் படம் என்று நினைத்துப் பார்த்தால் பாதி நகைச்சுவை கைநழுவிப் போகும். பழைய படங்கள் பழக்கமில்லாதவர்கள் இப்படித் தொடங்கலாம்.

படி 1: சரியான பிரதி. படம் சுமார் 87 நிமிடம். இசையும் ஒலிகளும் படத்தோடு சேர்த்தே பதிவானவை. இசையமைப்பும் பெரும்பாலும் சாப்ளினுடையது. வேறு யாரோ பின்னணி இசை சேர்த்த பிரதி வேண்டவே வேண்டாம்.

படி 2: தொடக்கக் காட்சியை இருமுறை பாருங்கள். ஊர்ப் பெரியவர் சிலையைத் திறந்துவைத்துப் பேசுகிறார். வாயிலிருந்து வருவதோ பீப்பிச் சத்தம். அடுத்துப் பேசும் பெண்மணிக்கு அதே சத்தம், இன்னும் கீச்சென்று. அந்தக் குரல்களை எழுப்பியவர் சாப்ளினே. பேசும்படங்களை இதைவிட அழகாகக் கிண்டல் செய்தவர் இல்லை என்பேன். திரை விலகியதும் சிலையின் மடியில் சாப்ளின் நடிக்கும் நாடோடி தூங்குகிறான். இறங்கும்போது கால்சட்டை சிலையின் வாளில் மாட்டிக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்துத் தேசிய கீதம் ஒலிக்கிறது. தொங்கியபடியே விறைப்பாக நிற்கப் பார்க்கிறான். இப்போது ஒலியை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். சிரிப்பு எங்கே போனது என்று கவனியுங்கள்.

படி 3: விசில் காட்சி. விருந்தில் நாடோடி விசிலை விழுங்கிவிடுகிறான். ஒவ்வொரு விக்கலுக்கும் விசில் ஊதுகிறது. பாடகர் பாட முடியாமல் நிற்கிறார். வெளியே போனால் டாக்சி வருகிறது, பிறகு நாய்கள் கூட்டமாக வருகின்றன. ஒலி இல்லாமல் இந்தக் காட்சியே இல்லை. குத்துச்சண்டையில் மணிக்கயிறு கழுத்தில் சிக்கும் இடமும் இதே வகைதான்.

படி 4: பூக்காரியின் காட்சிக்கு மட்டும் ஒலியை அணைத்துவிடுங்கள். பார்வையற்ற அந்தப் பெண்ணாக நடித்தவர் வர்ஜீனியா செரில். நாடோடி ஒரு காருக்குள் புகுந்து மறுபக்கக் கதவு வழியாக இறங்குகிறான். கதவுச் சத்தத்தை வைத்து அவனைப் பணக்காரன் என்று நினைத்துக்கொள்கிறாள். அவள் சில்லறை கொடுப்பதற்குள் காரின் சொந்தக்காரர் ஏறிப் புறப்பட்டுவிடுகிறார். போனவன் அவனே என்று அவள் நம்புவது முகத்திலேயே தெரிகிறது. அவன் ஓசைப்படாமல் ஒதுங்கிக்கொள்கிறான். கதையின் முடிச்சே ஒரு சத்தம். அதைச் சாப்ளின் நம் கண்ணுக்குப் புரியவைத்துவிடுகிறார்! இது திருப்தியாக வரும்வரை நூற்றுக்கணக்கான முறை எடுத்தார் என்பதை நம்பலாம்.

படி 5: முழுப் படத்தையும் ஒரே மூச்சில் பாருங்கள். பிடித்துப்போனால் அடுத்தது 1936-இல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்'. அதில் பேச்சுக்குரல் இயந்திரங்கள் வழியாக மட்டுமே வரும். சாப்ளினின் சொந்தக் குரலைக் கேட்கக் கடைசிப் பகுதிவரை காத்திருக்க வேண்டும்.