வால்வு அறுவை சிகிச்சையும் ஒரே நாளில் கூடிவிடும் நண்பர்களும்

சிறுவயதில் தொண்டை வலியோடு வந்துபோன ருமாட்டிக் காய்ச்சல், முப்பது வயதில் மூச்சுத்திணறலாகத் திரும்பி வரும். இதயத்திலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்பார்கள். அதற்குள் இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி, இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம், மாடிப்படியைப் பார்த்தாலே தயக்கம் என்று ஆண்டுகள் ஓடியிருக்கும். அந்த வழியே போய் உலோக வால்வோடு திரும்பியவர்களில் நானும் ஒருத்தி. ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்காக இப்போதும் மருத்துவமனை வரிசையில் உட்காருகிறேன். அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கிய புதியவர்களும் நண்பர்கள் புடைசூழ அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நண்பர்கள் போடும் திட்டம் காதில் விழும்போதெல்லாம், எங்கள் கூட்டம் அடித்த அதே கூத்து அச்சு மாறாமல் அரங்கேறப் போவது தெரிந்துவிடுகிறது.

வெறும் வயிற்றில் வர வேண்டும், சிகரெட்டை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் மருத்துவமனை தரும் தாளிலேயே இருக்கின்றன. நான் சொல்ல வருவது தாளில் இல்லாதவற்றை.

பல்லைக் கடைசியில் பார்ப்பது

இதயத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொத்தைப் பல்லிலும் ஈறிலும் குடியிருக்கும் கிருமிகள் ரத்தத்தில் கலந்து புதிய வால்வில் ஒட்டிக்கொண்டால், மாற்றிய வால்வையே மறுபடி மாற்ற வேண்டிய நிலை வரலாம். அதனால் பல் மருத்துவரின் சான்று இல்லாமல் அறுவை அரங்கத்துக்குள் அனுப்பத் தயங்குவார்கள். தேதி கேட்கும் முன்பே பல்லைக் காட்டிவிடுங்கள். தேதிக்கு முந்தைய வாரத்தில் காட்டினால் என்ன ஆகும் என்பது அடுத்த தலைப்பில் வருகிறது.

எல்லோரும் ஒரே நாளில் ரத்தம் கொடுப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மருத்துவமனை சில யூனிட் ரத்தத்துக்கு ஆள் ஏற்பாடு செய்யச் சொன்னது. கல்லூரித் தோழர்களில் ஒருவன் பொறுப்பை எடுத்துக்கொண்டான். நல்லவன், சுறுசுறுப்பானவன், ஒரு வேலையை இன்றே முடித்துவிட வேண்டும் என்று துடிப்பவன். சிக்கலே அதுதான். கேட்டதற்குப் பல மடங்காக ஆள் திரட்டி, அறுவைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் நிறைய ரத்த வங்கிக்குக் கூட்டிப் போனான். ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம், ஒரு மாம்பழச்சாறு, முழங்கை மடிப்பில் பஞ்சோடு ஒட்டிய பிளாஸ்திரி, எல்லோரும் கைமுட்டியை உயர்த்தியபடி ஒரு புகைப்படம். "ரத்த வேலை முடிந்தது, இனி கவலை இல்லை" என்று குழுவில் செய்தி.

மறுநாள் பல் மருத்துவர் என் கடைவாயில் சீழ்க்கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார். பல்லைப் பிடுங்கி, புண் ஆற வேண்டும் என்று அறுவையை மூன்று வாரம் தள்ளிவைத்தார்கள்.

தள்ளிவைத்த தேதியில் அறுவை நன்றாகவே நடந்தது. அன்று இரவு, மார்பிலிருந்து வரும் வடிகுழாயில் ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. இதய-நுரையீரல் எந்திரத்தின் வழியே ரத்தம் சுற்றும்போது தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், எண்ணிக்கையிலும் வீரியத்திலும் குறைந்துபோகும். இது எதிர்பார்க்கக்கூடிய ஒன்றுதான். தட்டணு ஏற்ற வேண்டும், வங்கியில் இருப்பு போதாது, ஆள் அனுப்புங்கள் என்றார்கள். வெளியே நடைபாதையில் என் நண்பர்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். ஒருவர்கூடத் தகுதியில்லை.

ஏன் என்பதுதான் புதியவர்களுக்குப் புரியாத இடம். கொடுத்த ரத்தம் பையிலேயே உங்களுக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு யூனிட்டை மூன்றாகப் பிரிக்கிறார்கள். சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள் வரை தாங்கும். பிளாஸ்மாவை உறையவைத்து ஓராண்டு வைத்திருக்கலாம். தட்டணுக்களுக்கு ஆயுள் 5 நாள்தான். மூன்று வாரத்துக்கு முன் வேனில் போய்க் கொடுத்த தட்டணுக்கள் எப்போதோ யாருக்கோ போய்விட்டன. யாருக்கோ பயன்பட்டதில் மகிழ்ச்சிதான். ஆனால் கொடுத்தவர்களின் கதவு மூடிவிட்டது. முழு ரத்தம் கொடுத்த ஆண் மறுபடி கொடுக்க 90 நாள் ஆக வேண்டும், பெண்ணுக்கு 120 நாள். எந்திரத்தில் தட்டணுவை மட்டும் பிரித்துக் கொடுப்பதாக இருந்தாலும் முழு ரத்தம் கொடுத்து 28 நாள் கழிந்திருக்க வேண்டும். கடைசியில் யாரோ ஒரு நண்பரின் தம்பி, விடுதி அறையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். நான் மயக்கத்தில் இருந்தேன். எல்லாம் பிறகு கேட்டதுதான். என் கணவரின் முகத்தில் அந்த இரவு அடுத்த நாளும் ஒட்டியிருந்தது.

இப்போது யாராவது யோசனை கேட்டால், முதலில் ஒரு நோட்டை எடுக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு நண்பரின் பெயருக்கும் எதிரே ரத்த வகை, எடை, கடைசியாக எப்போது கொடுத்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதுங்கள். எடை 45 கிலோவும் ஹீமோகுளோபின் 12.5 கிராமும் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சமீபத்தில் பச்சை குத்தியவரும் திரும்பி வருவார். மருத்துவமனை கேட்ட எண்ணிக்கைக்கு மட்டும் முதலில் ஆள் அனுப்புங்கள். வங்கியின் இருப்பை ஈடுகட்டத்தான் இது என்பதால் எந்த வகை ரத்தமாக இருந்தாலும் போதும். பொருந்தும் வகைக்காரர்களை இதில் செலவழிக்காதீர்கள். அவர்களில் கையில் நரம்பு நன்றாகத் தெரியும் நாலு பேரைத் தொடாமல் வைத்திருங்கள். தட்டணுக் கொடைக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் எந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். அந்த நாலு பேரிடமும் அறுவை நாளன்று ஊரில் இருக்கவும், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தொலைபேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.

சும்மா இருக்கச் சொன்னால் நண்பர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அண்ணன் ரத்தம்தான் வேண்டும் என்பது

பாசத்தில் கேட்கிறார்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளின் ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் அப்படியே ஏற்றினால், அதிலுள்ள வெள்ளணுக்கள் உங்கள் உடலையே தாக்கும் ஆபத்து உண்டு. அரிதாக நேர்வதுதான், நேர்ந்தால் பிழைப்பது கடினம். அண்ணன் வங்கிக்குக் கொடுக்கட்டும், வங்கி உங்களுக்கு வேறொருவருடையதைக் கொடுக்கும்.

தரகரிடம் போவது

1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு ரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டுவிட்டது. போகாதீர்கள்.

முதலில் பணத்தைத் திரட்டி, பிறகு காப்பீட்டைத் தேடுவது

நண்பர்கள் பணம் சேர்த்துக் கொண்டுபோய்க் கட்டிவிட்ட பிறகு, "எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே" என்று மெல்லச் சொல்லும் குடும்பங்களைப் பார்க்கிறேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அது கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டம். அறுவைக்கு முன்பே ஒப்புதல் வாங்கியாக வேண்டும். நண்பர்களில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். அவரை இதற்கு மட்டும் நியமியுங்கள். திரட்டிய பணம் பின்னால் வரும் மாதங்களுக்கு வேண்டியிருக்கும்.

லேகியத்தை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது

ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று மருத்துவர் சொல்வார். அதே வேலையைச் செய்யக்கூடிய, தோழி அன்போடு கிண்டித் தந்த பூண்டு லேகியத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பழக்கூடை

உள்ளே விடமாட்டார்கள்.

"எதுவானாலும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போவது

கூப்பிட மாட்டோம். படுத்திருப்பவருக்கு யாரை, எதற்கு, எப்போது கூப்பிடுவது என்று யோசிக்கும் தெம்பே இருக்காது. முதல் வாரம் வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கும். மூன்றாவது வாரம் ஒரு செருப்புகூட வாசலில் கிடக்காது. உண்மையான தேவை தொடங்குவதே அப்போதுதான். பிளந்து கம்பியால் கட்டிய மார்பெலும்பு ஒட்ட ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும்; அதுவரை குடம் தூக்கக் கூடாது, ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது, இருமினால்கூடத் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். தொடக்க வாரங்களில் ஐ.என்.ஆர். அடிக்கடி பார்ப்பார்கள், உலோக மைட்ரல் வால்வுக்கு அது பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். காரணமே இல்லாமல் அழுகையும் வரும். திறந்த இதய அறுவைக்குப் பிறகு பலருக்கு வருவதுதான், ஆனாலும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அதனால் நோயாளிக்குப் பதிலாக வேறொருவர் அதே நோட்டின் பின்பக்கத்தில் வேலைகளைப் பங்கிடட்டும். புதன்கிழமை பரிசோதனைக்கு யார் கார் எடுத்து வருவது, மாத்திரை தீரும் முன் யார் வாங்கி வைப்பது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது. கீரை கொண்டுவரும் தோழியிடம், ஒருநாள் கூடை நிறைய, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று வேண்டாம், தினம் ஒரே அளவாக இருக்கட்டும் என்று சொல்லுங்கள். கீரையிலுள்ள வைட்டமின் கே ஐ.என்.ஆரை ஏற்றி இறக்கும். முக்கியமாக, 20 லிட்டர் தண்ணீர் கேனை யார் தூக்கிக் கவிழ்ப்பது என்று எழுதி வையுங்கள். எங்கள் நோட்டில் அது விட்டுப்போயிற்று. வேன் பிடித்த அந்தத் தோழனை வரவழைத்து, எட்டு வாரமும் அவன் தலையில்தான் கட்டினேன்.