பின்ன அடுக்குகள்: அடிமானத்தின் குறியைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்

16^(1/2) என்பதற்கு 8 என்று எழுதுகிறவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஓரிரு வாரத்தில் அவர்கள் தாமாகவே தெளிந்துவிடுவார்கள். பின்னத்தின் தொகுதியையும் பகுதியையும் மாற்றிப் பிடிக்கிறவர்களும் அப்படித்தான். விடைத்தாள்களில் விடாமல் தலைகாட்டுவது வேறு வகை: விதி தெரிந்தவர்கள், அந்த விதியை வைத்தே சறுக்கி விழுவது.

குறியீடு பற்றி ஒரு வரி. ^ குறிக்குப் பின் வருவது அடுக்கு, முன் நிற்பது அடிமானம். அடுக்கு பின்னமானால் பகுதி மூலத்தின் வரிசையைச் சொல்லும், தொகுதி வழக்கமான அடுக்கு: 16^(1/2) = √16 = 4. அ என்பது ஏதோ ஒரு மெய்யெண். மூலக்குறியின் தோளில் அமரும் சிறு எண் அதன் வரிசை.

மூலம் முன்னே, அடுக்கு பின்னே

27^(4/3) கொடுத்தால் பலர் முதலில் 27ஐ நான்கு முறை பெருக்கி 5,31,441க்குப் போகிறார்கள். பிறகு அதன் கனமூலத்தைத் தேடி அரைப் பக்கம் வீணாகிறது. 27இன் கனமூலம் 3, 3⁴ = 81, வேலை முடிந்தது. இரு வழியும் சரிதான், அடிமானம் மிகை எண்ணாக இருக்கும்வரை. ஆனால் பெரிய எண்ணை வளர்த்துவிட்டுப் பிறகு சுருக்குவதில்தான் பெருக்கல் பிழை நுழைகிறது. 32^(3/5)ஐயும் அப்படியே செய்யுங்கள்: ஐந்தாம் மூலம் 2, கனம் 8. 3⁶ = 729, 5⁴ = 625, 7³ = 343, 2¹⁰ = 1024 போன்றவை மனத்தில் இருந்தால் மூலம் கண்ணாலேயே தெரியும்.

மூலம் முழு எண்ணாக வராத இடத்தில் அடுக்கை வகுத்து மீதியைப் பாருங்கள். 2^(7/3): 7ஐ 3ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 1. ஈவு வெளியே, மீதி உள்ளே: 2² × ∛2, அதாவது 4∛2. ∛54ஐச் சுருக்குவதும் இதே கணக்கு: 54 = 3³ × 2 என்பதால் 3∛2.

கெழு (முன்னால் நின்று பெருக்கும் எண்) யாருடையது?

5 × 9^(1/2) என்பது 15. (5 × 9)^(1/2) என்பது √45, ஏறத்தாழ 6.71. அடுக்கு, தான் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு மட்டுமே சொந்தம். 5√அ என்பதை அடுக்காக மாற்றும்போது (5அ)^(1/2) என்று எழுதுவதும், √(5அ) என்பதை 5அ^(1/2) என்று எழுதுவதும் ஒரே கோளாறின் இரு முகங்கள். கையால் எழுதும்போது மூலக்குறியின் மேற்கோட்டை எங்கே நிறுத்துகிறோம் என்பதில் அலட்சியம் காட்டுவதே காரணம்.

வரிசைகளைப் பெருக்குவது

√2 × ∛2 = ⁶√4 என்ற விடைக்குக் குறைவே இல்லை. சரியான விடை ⁶√32. அடுக்காக மாற்றினால் குழப்பமே இல்லை: 1/2 + 1/3 = 5/6, ஆகவே 2^(5/6).

தவறு எங்கிருந்து வருகிறது என்றால், மூலத்துக்குள் மூலம் இருக்கும்போது வரிசைகள் உண்மையிலேயே பெருகும்: ∛(√64) = 64^(1/6) = 2. அந்தப் பழக்கம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூலங்களுக்கும் தொற்றிக்கொள்கிறது. ஒன்றுக்குள் ஒன்று என்றால் அடுக்குகள் பெருகும். ஒன்றோடு ஒன்று என்றால் கூடும், அதுவும் அடிமானம் ஒன்றாக இருந்தால் மட்டும். அடிமானம் வேறானால் வரிசையைச் சமமாக்க வேண்டும்: √2 × ∛3 = ⁶√8 × ⁶√9 = ⁶√72.

கூட்டலுக்குள் அடுக்கு புகாது

(9 + 16)^(1/2) = 5. ஏழு அல்ல.

குறை அடுக்கு

8^(−2/3) = 1/4. −4 அல்ல. குறை அடுக்கு எண்ணைத் தலைகீழாக்கும், குறியை மாற்றாது.

அடிமானம் குறை எண்ணாக இருக்கும்போது அடுக்கைச் சுருக்குவது

மற்ற எல்லாவற்றையும் மன்னிக்கலாம். எரிச்சலூட்டுவது இதுதான், நன்றாகப் படிக்கிறவர்களே இதைச் செய்கிறார்கள், செய்ததும் தெரிவதில்லை.

(−8)^(1/3) எவ்வளவு? −2. இப்போது 1/3க்குப் பதில் 2/6 என்று எழுதுங்கள், பின்னம் மாறவில்லை. −8ஐ முதலில் வர்க்கப்படுத்தினால் 64, அதன் ஆறாம் மூலம் 2. மூலத்தை முதலில் எடுக்கலாம் என்றால் −8க்கு மெய்யெண்களில் ஆறாம் மூலமே கிடையாது. ஒரே கேள்விக்கு −2, 2, 'இல்லை' என்று மூன்று பதில்கள்.

அடுக்கின் மேல் அடுக்கு வந்தால் பெருக்கலாம் என்ற விதி, பின்ன அடுக்குகளுக்கு 'அடிமானம் மிகை எண்' என்ற நிபந்தனையோடுதான் செல்லும். கீழ் வகுப்புகளில் அடுக்கு முழு எண்ணாக இருந்தபோது அந்த நிபந்தனை தேவைப்படவில்லை. பின்னம் வந்தபோது விதி மட்டும் கூடவே வந்தது, நிபந்தனை வழியில் விழுந்துவிட்டது. நடப்பது என்னவென்றால், இரட்டைப்படை அடுக்கு அடிமானத்தின் குறியை அழித்துவிடுகிறது. (−5)² = 25 என்று ஆனபின், அந்த 25 முன்பு 5ஆக இருந்ததா −5ஆக இருந்ததா என்று மூலத்துக்குத் தெரியாது. √ குறி எப்போதும் குறையல்லாத மூலத்தையே தரும். ஆகவே √(அ²) = அ அல்ல, |அ|, அதாவது குறியை நீக்கிய அ; அந்த இரு கோடுகள்தான் மட்டுக்குறி.

இதையே மனப்பாடம் செய்துவிட்டு எல்லா இடத்திலும் மட்டுக்குறி போடுவதும் வேண்டாம். மூலத்தின் வரிசை இரட்டைப்படை, வெளியே வரும் அடுக்கு ஒற்றைப்படை என்றால் போடுங்கள்: √(அ⁶) = |அ³|. வெளியே வருவது இரட்டைப்படை என்றால் தேவையில்லை: √(அ⁴) = அ². வரிசை ஒற்றைப்படை என்றால் போடவே கூடாது: ∛(அ³) = அ. √(அ³) = அ√அ என்ற இடத்திலும் வேண்டாம், ஏனென்றால் அ குறை எண்ணாக இருந்தால் √(அ³) மெய்யெண்ணாகவே இருக்காது.

மிகவும் ஏமாற்றுவது ⁴√(அ²). அடுக்கு 2/4, சுருக்கினால் 1/2, ஆகவே √அ என்று கை தானாக எழுதிவிடும். அ = −9 போட்டுப் பாருங்கள்: ⁴√81 = 3, ஆனால் √(−9) மெய்யெண் அல்ல. சரியான வடிவம் √|அ|. அ மிகை எண் என்று கேள்வியிலேயே சொல்லியிருந்தால் √அ போதும். பயிற்சிக் கணக்குகளில் அந்த வரி பெரும்பாலும் மேலே சின்ன எழுத்தில் இருக்கும்; அதைப் படிக்காமல் பழகியவர்கள்தான் அது இல்லாத தேர்வில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மதிப்பெண் போவது சமன்பாடுகளில். அ^(2/3) = 4 என்று கொடுத்தால், இரு பக்கமும் 3/2 அடுக்குக்கு உயர்த்தி அ = 8 என்று எழுதிக் கீழே கோடு போடுகிறார்கள். −8ஐ வைத்துப் பாருங்கள்: கனமூலம் −2, வர்க்கம் 4. அதுவும் தீர்வுதான். ஒரே தாவலில் அடுக்கைக் களையாமல் இரண்டு படியாக இறங்குங்கள்: (∛அ)² = 4, ஆகவே ∛அ = ±2, ஆகவே அ = ±8.

எதிர்ப்பக்கமும் உண்டு. அ^(3/2) = 27இல் ± போட்டால் தவறு: √அ = 3, அ = 9, அவ்வளவே. அ^(3/4) = −8க்குத் தீர்வே இல்லை. ஆனால் இரு பக்கமும் 4/3 அடுக்குக்கு உயர்த்தினால் 16 என்று அழகாக ஒரு எண் வந்து நிற்கும். 16^(3/4) என்பது 8, −8 அல்ல. பின்னத்தின் தொகுதி இரட்டைப்படையா, பகுதி இரட்டைப்படையா என்று முதலில் பாருங்கள். தொகுதி இரட்டை என்றால் ஒரு தீர்வு தொலைய வாய்ப்பு. பகுதி இரட்டை என்றால் இல்லாத தீர்வு நுழைய வாய்ப்பு. இரண்டாவது வகையில் விடையைத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் விடவே கூடாது.

பெரியவர்களும் இந்த இடத்தில் சிக்கலை விட்டுச்சென்றிருக்கிறார்கள். 1770இல் ஜெர்மன் மொழியில் வந்த ஆய்லரின் இயற்கணித நூலில் √−1 × √−4 என்பதற்கு 2 என்று இருக்கிறது. இன்றைய மரபில் −2. அது பிழையா, மூலக்குறியை அவர் வேறு பொருளில் எடுத்துக்கொண்டாரா என்று வரலாற்றாளர்கள் வாதிடுகிறார்கள். விடைத்தாளில் அந்த வாதத்துக்கு இடமில்லை.

பகுதியில் கனமூலம்

1/∛2 இருந்தால், பகுதியிலிருந்து மூலத்தை நீக்க மேலும் கீழும் ∛2ஆல் பெருக்குவது வர்க்கமூலத்தில் வந்த பழக்கம். இங்கே பகுதி ∛4 ஆகி நிற்கும், மூலம் போகாது. 2^(1/3) முழு எண்ணாக இன்னும் 2/3 அடுக்கு வேண்டும், ஆகவே ∛4ஆல் பெருக்குங்கள்: ∛4/2. 5/⁵√8 என்றால் 8 = 2³, இன்னும் 2² வேண்டும்: 5 × ⁵√4 / 2.

கணிப்பானும் கணினியும்

8^2/3 என்று அடைப்பில்லாமல் தட்டினால் 64/3, அதாவது 21.33 வரும். 4 வேண்டுமென்றால் அடுக்கு முழுவதும் அடைப்புக்குள் போக வேண்டும்.

1/3க்குப் பதில் 0.33 போடுகிறவர்கள் 8^0.33 = 1.986 என்று பார்த்து, 2க்குப் பக்கம்தானே என்று சமாதானம் அடைகிறார்கள். 10,00,000த்தின் கனமூலத்தை அப்படி எடுத்தால் 100க்குப் பதில் 95.5 வரும். அடிமானம் பெரிதாகப் பெரிதாகச் சறுக்கலும் பெரிதாகும்.

குறை எண் இங்கேயும் விடாது. பைத்தான் நிரல்மொழியில் அடுக்குக் குறி **; அதில் (−8)**(1/3) போட்டால் −2 வராது, ஏறத்தாழ 1 + 1.732j என்ற, மெய்ப்பகுதியும் கற்பனைப்பகுதியும் (j) கொண்ட கலப்பெண் வரும். −8ஐச் சுற்றியுள்ள அடைப்பை எடுத்துவிட்டால் −2.0 வரும், ஆனால் அது 8இன் கனமூலத்துக்கு முன்னால் குறை போட்டது மட்டுமே. ஜாவாஸ்கிரிப்டின் அடுக்குச் சார்பு 'எண் அல்ல' என்று கைவிரித்துவிடும். கனமூலத்துக்கென்று இருக்கும் தனிச் சார்பைக் கேட்டால்தான் −2 தரும். எக்செல்லில் =−2^2 என்பது 4, பைத்தானில் −2**2 என்பது −4.

அப்புறம், பைத்தானில் 64**(1/3) என்பது 3.9999999999999996. தசமத்தை வெட்டி முழு எண்ணாக்கினால் 3 கிடைக்கும். வெட்டாதீர்கள், அருகிலுள்ள முழு எண்ணுக்கு முழுதாக்குங்கள். பிறகு அதைக் கனப்படுத்தி 64 வருகிறதா என்று சரிபாருங்கள்.