வறண்ட முடிக்குத் தலைக்குளியல்: முதல்முறை செய்பவர்களுக்கு

முடி வறண்டு நார்நாராகிவிட்டால் பலரும் முதலில் செய்வது எண்ணெயைக் கூட்டுவது. எண்ணெய் முடிக்கு ஈரம் தராது. இருக்கும் ஈரம் போகாமல் காக்கும், அவ்வளவுதான். முடியின் மேலுறை மீன் செதில் போல அடுக்கடுக்கானது. சாயம், சூடு, முரட்டுத்தனமான துவட்டல் ஆகியவற்றால் அந்த அடுக்கு பெயர்ந்தால் ஈரம் தங்காது, இழைகள் உரசிச் சிக்காகும். அதனால் குளிக்கும் முறையை மாற்றுவதுதான் முதல் வேலை.

வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை தலைக்குக் குளித்தால் போதும். வியர்வையோ பொடுகோ அதிகமென்றால் கூடுதலாகக் குளிக்கலாம்.

1. குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு, முடி காய்ந்திருக்கும்போதே அகலப் பல் சீப்பால் சிக்கெடுங்கள். நுனியில் தொடங்கி மேலே வர வேண்டும். உச்சியிலிருந்து இழுத்தால் சிக்கெல்லாம் கீழே இறங்கி ஒரே முடிச்சாகும். பிறகு காதுமட்டத்திலிருந்து நுனிவரை தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தோள்வரையுள்ள முடிக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி போதும். இது முடிக்குள்ளேயே ஊடுருவும்; அலசும்போது முடி ஊறி உப்புவதும் புரதம் கரைந்து போவதும் குறையும். பொடுகு இருந்தால் தலைத்தோலில் எண்ணெய் வேண்டாம். பொடுகோடு தொடர்புடைய பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி.

2. ஷாம்பு தலைத்தோலுக்கு மட்டும். ஒரு தேக்கரண்டி ஷாம்பைச் சுமார் 100 மில்லி தண்ணீரில் கலக்கி, விரல் நுனியால் தேய்க்கவும். நகம் படக்கூடாது. அலசும்போது வழியும் நுரையே நுனிக்குப் போதும். முடியை உச்சியில் குவித்துக் கசக்குவதுதான் சிக்கு விழக் காரணம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கொதிக்கக் கொதிக்க வேண்டாம்.

3. கண்டிஷனரை மட்டும் விடாதீர்கள். சேதமான முடியில் எதிர்மின்னூட்டம் கூடுதல். கண்டிஷனரில் இருப்பவை நேர்மின்னூட்டம் கொண்டவை. அதனால் எங்கே சேதமோ அங்கேயே போய் ஒட்டிக்கொள்கின்றன. பெரும்பாலானோர் சறுக்குவது ஒரே இடத்தில்: தண்ணீர் சொட்டச் சொட்டத் தடவுகிறார்கள், கண்டிஷனர் நீர்த்து வழிந்துவிடுகிறது. முதலில் கையால் நன்றாகப் பிழியுங்கள். நடுமுடியிலிருந்து நுனிவரை தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள். வேரில் பட்டால் முடி படிந்து பிசுபிசுக்கும்.

4. துண்டால் பரபரவென்று தேய்க்காமல், பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஒற்றி எடுங்கள். ஈரமுடி எளிதில் நீண்டு அறுந்துவிடும். நேரான முடியென்றால் பாதி காய்ந்தபின் சீவுங்கள். சுருட்டை முடிக்கு நேர்மாறு: கண்டிஷனர் இருக்கும்போதே விரலாலோ அகலப் பல் சீப்பாலோ சிக்கெடுப்பது நல்லது. ஹேர் டிரையர் தேவைப்பட்டால் 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். ஈரமுடியில் ஸ்ட்ரெய்ட்னர் கூடவே கூடாது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகி முடியை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும்.

சில வாரம் செய்தும் பலனில்லையா? முடி மெழுகு பூசியதுபோல் கனத்தால், முன்பு பூசியவை படிந்திருக்கின்றன. மாதம் ஒருமுறை, படிந்ததை நீக்கும் கிளாரிஃபையிங் ஷாம்பு போடுங்கள். உப்புத்தண்ணீரில் (கடின நீரில்) குளிப்பவர்களுக்கு கால்சியமும் மக்னீசியமும் படியும். அதற்கு, இந்தத் தாதுக்களைப் பிடித்து நீக்கும் ஈடிடிஏ (EDTA) சேர்ந்த ஷாம்பு உதவும். புரதம் சேர்ந்த மாஸ்க்கை அடிக்கடி போட்டு முடி விறைத்திருந்தால், அதைச் சில வாரம் நிறுத்திப் பாருங்கள்.

நுனி வெடிப்பை எந்த சீரமும் ஒட்டாது, சில நாள் மறைக்கும். வெடித்த இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டிவிடுங்கள். விட்டால் பிளவு மேலே ஏறும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும் என்பதால், பழுதான பகுதி முழுதும் போக மாதங்கள், நீளமான முடியென்றால் வருடங்களே ஆகும்.

வறட்சி திடீரென வந்து, கூடவே முடி கொட்டுதல், சோர்வு, உடல் எடை கூடுதல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.