அந்தரங்கப் படம் பரவுகிறதா? உங்களிடம் உள்ள பிரதியை அழிக்காதீர்கள்

தன் அந்தரங்கப் படம் இணையத்தில் சுற்றுகிறது என்று தெரிந்ததும் பலர் முதலில் செய்வது, கைப்பேசியில் இருக்கும் அசல் படத்தையும் மிரட்டியவனின் உரையாடலையும் அழிப்பதுதான். பதற்றம் புரிகிறது. ஆனால் அந்தப் பிரதி இல்லாமல் கீழே வரும் இரண்டாம் படியைச் செய்யவே முடியாது. கை நடுங்கினால், நம்பிக்கையான ஒருவரை அருகில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சான்று
பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். செயலிக்குள் எடுத்தால் இணைப்பு முகவரி தெரியாது. ஆகவே அதைத் தனியே நகலெடுத்து, தேதி, நேரத்துடன் குறித்துவையுங்கள். பதிவிட்டவரின் கணக்கு முகவரியும் வேண்டும். பெயரை மாற்றுவது அவனுக்கு ஒரு நிமிட வேலை. பிளாக் செய்வதெல்லாம் இதற்குப் பிறகு. பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடம்தான் மறுபடியும் கேட்பார்கள்.

படி 2: ஸ்டாப்என்சிஐஐ (StopNCII)
2021 டிசம்பரில் பிரிட்டனில் தொடங்கப்பட்ட இலவசத் தளம் இது. 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். ‘படத்தைத் தடுக்கப் படத்தையே கொடுப்பதா?’ என்று தயங்குவது நியாயம்தான். படம் உங்கள் கைப்பேசியை விட்டு வெளியே போவதில்லை. கைரேகை போன்ற ஓர் எண்கோவை, ‘ஹாஷ்’ என்பார்கள், கைப்பேசியிலேயே உருவாகி அது மட்டும் அனுப்பப்படுகிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெட்டிட் போன்றவை அதனுடன் பொருந்தும் படத்தைக் கண்டறிந்து நீக்கும். சில கேள்விகளுக்கு விடையளித்து, படத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். முடிவில் கிடைக்கும் வழக்கு எண்ணையும் ‘பின்’ (PIN) எண்ணையும் காகிதத்தில் எழுதிவையுங்கள். தொலைந்தால் திரும்பக் கிடைக்காது.

குறையும் உண்டு. படத்தை வெட்டியோ நிறம் மாற்றியோ போட்டால் ரேகை மாறிவிடலாம். அந்த வடிவத்தையும் தனியே சேர்க்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல்கள் இந்த வலையில் சிக்காது.

படி 3: தளத்திடம் புகார்
ஒவ்வொரு பதிவிலும் ‘புகாரளி’ என்பதை அழுத்துங்கள். இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, பாதிக்கப்பட்டவர் புகார் அளித்த பிறகு இத்தகைய படத்தை 2 மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது. முன்பு 24 மணி நேரமாக இருந்த கெடு 2026 பிப்ரவரியில் குறைக்கப்பட்டது. கூகுள் தேடலில் வந்தால் அதற்குத் தனிப் படிவம் உண்டு.

படி 4: காவல்துறை
தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். உதவி எண் 1930. நேரில் போனால், ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது. எல்லை பார்க்காமல் பதியப்படும் முதல் தகவல் அறிக்கையான ‘ஜீரோ எஃப்ஐஆர்’-ஐ எந்த நிலையமும் பதிய வேண்டும்.

‘நீதானே அனுப்பினாய்?’ என்று யாராவது கேட்பார்கள். இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். ஒரு பெண் படமெடுக்கச் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்காவிட்டால் பரப்பியது குற்றம் என்று அதிலேயே இருக்கிறது. ஆண்களுக்கும் பொருந்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவு. மூன்றாண்டு வரை சிறை.

படத்தில் இருப்பவர் 18 வயதுக்குக் கீழ் என்றால், மற்றவர்கள் படத்தைச் சேமிக்கவோ ‘சான்று’ என்று அனுப்பவோ வேண்டாம், அதுவே குற்றமாகிவிடும். இணைப்பு முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். ரேகைத் தடுப்புக்கு அவர்களுக்கென ‘டேக் இட் டவுன்’ என்ற தளம் இருக்கிறது.